முன்னுரிமைச் சாசனம்: தொலைநோக்குக் கூற்றும் பணிக்கூற்றும் எழுதப்பட வேண்டிய முறை

1. ஆய்வுப் பொருளும் கருதுகோளும்

தரம், நேர்மை, வாடிக்கையாளர் நலன், ஊழியர் நலன், இலாபம் ஆகிய ஐந்தில் ஒன்றையேனும் வேண்டாம் என்று சொல்லும் வணிக நிறுவனம் உலகில் இல்லை. ஆகவே இந்த ஐந்தும் எங்களுக்கு முக்கியம் என்று ஒரு நிறுவனம் எழுதி வைத்தால் அந்த நிறுவனத்தைப் பற்றி நமக்குப் புதிதாக எதுவும் தெரியவராது. இவற்றுள் இரண்டு ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளும் நாளில் எது முன்னே நிற்கும், எது விட்டுக்கொடுக்கும் என்று எழுதினால்தான் அந்த எழுத்துக்குப் பயன் உண்டு. விஷன், மிஷன் என்று நிறுவனங்கள் அழைக்கும் இரு கூற்றுகளையும் இந்த ஓர் அளவுகோலால் மதிப்பிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் வரையறை. நிறுவனம் தன் உழைப்பால் நெடுங்காலத்துக்குப் பின் எந்த நிலையை உருவாக்க விரும்புகிறது என்பதைச் சொல்வது தொலைநோக்குக் கூற்று. அந்த நிலையை நோக்கி இன்று யாருக்காக, எதை, எந்த வழியில் செய்கிறது என்பதைச் சொல்வது பணிக்கூற்று. முன்னது திசையைக் காட்டுகிறது. பின்னது அன்றாட முடிவுகளுக்கு விதியாகிறது.

ஒரு கூற்று உயிரோடு இருப்பதற்கு மூன்று நிபந்தனைகள் தேவை என்று இக்கட்டுரை கருதுகிறது. முதலாவது எல்லை: எது எங்கள் வேலை, எது இல்லை என்று அது சொல்ல வேண்டும். இரண்டாவது வரிசை: நோக்கங்கள் மோதும்போது எது முதலில் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது பிணைப்பு: எழுதியது சம்பளத்திலும் பதவி உயர்விலும் அளவீட்டிலும் ஏறியிருக்க வேண்டும். இம்மூன்றையும் முறையே மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை, ஜான்சன் அண்ட் ஜான்சன், வெல்ஸ் ஃபார்கோ வங்கி ஆகிய மூன்று நிறுவனங்களின் வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

2. ஆய்வுலகின் நிலைப்பாடுகள்

நிறுவனம் தன்னை எப்படி வரையறுத்துக் கொள்கிறதோ அதுவே அதன் விதியைத் தீர்மானிக்கும் என்ற கருத்தை வலுவாக முன்வைத்தவர் தியடோர் லெவிட். 1960இல் ஹார்வர்டு பிசினஸ் ரிவ்யூவில் வெளியான கட்டுரையில், அமெரிக்க இரயில்வே நிறுவனங்கள் தங்களை இரயில் ஓட்டுபவர்களாக எண்ணினவே தவிர, போக்குவரத்துத் தேவையை நிறைவேற்றுபவர்களாக எண்ணவில்லை; அதனால்தான் காருக்கும் லாரிக்கும் விமானத்துக்கும் இடம் கொடுத்துப் பின்தங்கின என்று வாதிட்டார். பீட்டர் டிரக்கர் 1973இல் தம் பெருநூலில், நம் தொழில் என்ன என்ற கேள்வியை நிர்வாகத்தின் முதற் கடமையாக்கினார். அதற்கான விடையை வாடிக்கையாளரிடமிருந்தே தேடத் தொடங்க வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு.

இதன் பின் வந்த ஆய்வுகள் இரு போக்குகளாகப் பிரிகின்றன. ஒன்று உள்ளடக்கப் போக்கு. ஜான் பியர்ஸும் ஃபிரெட் டேவிடும் 1987இல் ஃபார்ச்சூன் 500 பட்டியல் நிறுவனங்களின் பணிக்கூற்றுகளை ஆராய்ந்து, நிதி நிலையில் முன்னணியில் இருந்தவற்றின் கூற்றுகள் விரிவாக இருந்ததைக் கண்டனர். வாடிக்கையாளர், பொருள், சந்தை, தொழில்நுட்பம், வளர்ச்சி, கொள்கை, தனித்திறன், பொதுமதிப்பு, ஊழியர் என ஒன்பது கூறுகளைக் கொண்ட பட்டியலை டேவிட் 1989இல் முன்வைத்தார். நிர்வாகவியல் பாடநூல்கள் இன்றும் இதையே கற்பிக்கின்றன.

மற்றொன்று பிணைப்புப் போக்கு. ஆண்ட்ரூ கேம்பெலும் சாலி யங்கும் 1991இல் முன்வைத்த மாதிரியில் நோக்கம், உத்தி, விழுமியம், நடத்தை நெறி ஆகிய நான்கும் ஒன்றையொன்று தாங்கி நின்றால்தான் ஊழியர்களிடம் பணியுணர்வு பிறக்கும். கிறிஸ்டஃபர் பார்ட்டும் அவருடன் பணியாற்றியோரும் 2001இல் வெளியிட்ட ஆய்வு, கூற்றுக்கும் நிறுவனத்தின் செயல்பாட்டுக்கும் உள்ள உறவு ஊழியர்களின் ஈடுபாட்டின் வழியாகவும், நிறுவனத்தின் அமைப்பும் நடைமுறைகளும் கூற்றோடு ஒத்துப்போவதன் வழியாகவும் வருகிறது என்று காட்டியது. இருபது ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்து டெஸ்மிட்டும் உடனாய்வாளர்களும் 2011இல் வெளியிட்ட தொகுப்பாய்வு, கூற்றுக்கும் நிதிப் பயனுக்கும் நேர்மறையான, ஆனால் சிறிய தொடர்பே இருப்பதாக முடிவு கண்டது.

இந்தச் சிறிய தொடர்பு வியப்புக்குரியது அன்று. ஒன்பது கூறுகளையும் நிரப்பிய கூற்று ஒரு விண்ணப்பப் படிவத்தைப் போல முழுமையாக இருக்கலாம். ஆனால் அந்த ஒன்பதுக்குள் மோதல் வந்தால் என்ன செய்வது என்று அது சொல்வதில்லை. மேலும், நல்ல நிலையில் உள்ள நிறுவனத்துக்குத்தான் விரிவாக எழுத நேரமும் ஆளும் இருக்கும் என்பதால், விரிவான கூற்றிலிருந்து வெற்றி வந்தது என்று 1987ஆம் ஆண்டு ஆய்வைக் கொண்டு நிறுவ முடியாது. கூறுகளை எண்ணுவதை விட்டு, கூற்று எடுக்க வைத்த முடிவுகளைப் பார்க்க வேண்டும்.

3. எல்லை: அரவிந்த் கண் மருத்துவமனை

டாக்டர் கோ. வெங்கடசாமி அரசுப் பணியிலிருந்து 58 வயதில் ஓய்வு பெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். முடக்குவாதத்தால் விரல்கள் வளைந்துபோன நிலையிலும் கண் அறுவையைப் பழகித் தேர்ந்தவர் அவர். தவிர்க்கக்கூடிய பார்வையிழப்பை ஒழிப்பது என்பதே நிறுவனத்தின் நோக்கமாக வகுக்கப்பட்டது.

இந்த நோக்கம் ஒரு தெளிவான எல்லையைப் போடுகிறது. சிகிச்சையோ முன்தடுப்போ இருந்தும் கிடைக்காததால் ஏற்படும் பார்வையிழப்பே இதன் களம். இந்தியாவில் அதன் பெரும்பகுதிக்குக் காரணம் கண்புரை. கண்புரைக்கு அறுவை சிகிச்சை உண்டு. எனவே கேள்வி மருத்துவ அறிவு பற்றியதாக இல்லாமல், அந்த அறுவையை எத்தனை பேருக்கு, என்ன செலவில், என்ன தரத்தில் கொண்டுசேர்க்க முடியும் என்பதாகிறது.

அறுவை அரங்கின் அமைப்பே இந்த எல்லையிலிருந்து பிறந்தது. ஒரு மருத்துவருக்கு அருகருகே இரண்டு மேசைகள். ஒரு மேசையில் அறுவை நடக்கும்போது அடுத்த மேசையில் அடுத்த நோயாளி படுத்திருப்பார். கண்ணைத் துடைத்து, துணி போர்த்தி, கருவிகளை வரிசைப்படுத்தும் வேலையைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் முடித்திருப்பார்கள். முதல் அறுவை முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியைத் திருப்பிக்கொண்டு அடுத்த கண்ணுக்குப் போகிறார். மருத்துவரின் நேரம்தான் கிடைப்பதற்கு அரிய பொருள் என்பதால், மற்றவர் செய்யக்கூடிய எதையும் அவர் செய்வதில்லை. கிராமப்புறங்களிலிருந்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டுகள் பயிற்சி தரும் ஏற்பாடும் இதே தேவையிலிருந்து வந்தது. கட்டணம் செலுத்துவோரின் வருவாயில் இலவச நோயாளிகளின் சிகிச்சை நடக்கிறது. இருவகையினருக்கும் அதே மருத்துவர்கள்தாம் சுழற்சி முறையில் அறுவை செய்கின்றனர்.

கூற்றின் வலிமையைக் காட்டும் முடிவுகள் மூன்று. கண்ணுக்குள் பொருத்தும் செயற்கை வில்லை இறக்குமதி விலையில் ஏழைகளுக்கு எட்டாமல் இருந்தபோது, 1992இல் ஆரோலேப் என்ற தயாரிப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. மருத்துவமனை தொழிற்சாலை நடத்துவதா என்ற கேள்விக்கு நோக்கமே விடை தந்தது. விலை இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்காகக் குறைந்தது. இன்று நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு அதன் பொருள்கள் செல்கின்றன.

இரண்டாவது, தன் வேலைமுறையைப் பிற கண் மருத்துவமனைகளுக்குக் கற்பிக்க லைக்கோ என்ற பயிற்சி நிறுவனத்தை அரவிந்த் அமைத்தது. சந்தையில் முதலிடம் என்பது நோக்கமாக இருந்திருந்தால் இது தற்கொலைக்கு ஒப்பானது. பார்வையிழப்பை ஒழிப்பது நோக்கம் என்றபோது, வேறொருவர் செய்யும் அறுவையும் வெற்றிக் கணக்கில்தான் சேர்கிறது.

மூன்றாவது முடிவே எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. அரவிந்தின் கிராம முகாம்கள் உலகப் புகழ் பெற்றிருந்தன. 1999இல் வெளியான ஓர் ஆய்வு, முகாம் நடந்த பகுதிகளில் கண் சிகிச்சை தேவைப்பட்டவர்களில் சுமார் 7 விழுக்காட்டினரே முகாமுக்கு வந்திருந்ததைக் காட்டியது. எத்தனை அறுவை செய்தோம் என்பதை மட்டும் எண்ணும் நிறுவனம் இந்த ஆய்வை ஒதுக்கிவிட்டிருக்கும். அரவிந்தைப் பொறுத்தவரை முகாமுக்கு வராதவர்களே கணக்கு. 2004 முதல் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்கள் திறக்கப்பட்டன. அங்குள்ள பணியாளர் பரிசோதிக்க, மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் இணையவழியாகப் பார்த்து ஆலோசனை சொல்கிறார். நல்ல தொலைநோக்குக் கூற்று நிறுவனத்தின் வெற்றியையே குறை சொல்லும் ஆற்றல் உடையது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

4. வரிசை: ஜான்சன் அண்ட் ஜான்சன்

ராபர்ட் வுட் ஜான்சன் 1943இல் எழுதிய கிரெடோ என்ற ஒருபக்க ஆவணம் நிர்வாகவியலில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. நிறுவனத்தின் பங்குகள் பொதுச் சந்தைக்கு வருவதற்குச் சற்று முன்பு எழுதப்பட்டது என்பதில்தான் அதன் சிறப்பு இருக்கிறது. பங்கு வாங்க வருவோருக்கு முன்கூட்டியே வரிசை அறிவிக்கப்பட்டது: நிறுவனத்தின் பொருள்களைப் பயன்படுத்தும் மருத்துவர்கள், செவிலியர்கள், தாய்மார்கள் போன்றோர் முதலில்; ஊழியர்கள் அடுத்து; பின்னர் சமூகம்; பங்குதாரர்கள் கடைசியில். முந்தைய கடமைகளைச் சரியாகச் செய்தால் பங்குதாரருக்கு நியாயமான வருவாய் கிடைக்கும் என்பது அதன் தர்க்கம்.

1970களில் தலைமைப் பொறுப்புக்கு வந்த ஜேம்ஸ் பர்க், இந்த ஆவணத்தை மூத்த மேலாளர்கள் முன் வைத்து விவாதத்தைக் கிளப்பினார். இதை நம்புகிறீர்களா, நம்பவில்லையென்றால் சுவரிலிருந்து எடுத்துவிடலாமா என்பதே அவர் எழுப்பிய கேள்வி. இப்படி விவாதித்து ஏற்றுக்கொண்ட மேலாளர்களே 1982இல் சோதனையைச் சந்தித்தனர். சிகாகோ பகுதியில் நிறுவனத்தின் வலிநிவாரணியான டைலனால் கேப்சூல்களில் சயனைடு கலக்கப்பட்டு, அவற்றை உட்கொண்ட ஏழு பேர் இறந்தனர். நஞ்சு கலந்தது நிறுவனத்தின் தவறு அன்று. இருந்தும் நாடு முழுவதிலுமிருந்து சுமார் 3 கோடியே 10 இலட்சம் புட்டிகள் திரும்பப் பெறப்பட்டன. இழப்பு 10 கோடி டாலருக்கு மேல். எவர் கையும் படாதபடி முத்திரையிட்ட உறைகளில் சில வாரங்களிலேயே மருந்து மீண்டும் விற்பனைக்கு வந்தது. வரிசை முன்பே தீர்மானிக்கப்பட்டிருந்ததால், நெருக்கடியின் நடுவில் யார் முதலில் என்று வாதிட வேண்டியிருக்கவில்லை.

இந்த வரலாற்றை இத்தோடு நிறுத்துவது வழக்கம். அறிவுநேர்மை அதற்கு இடம் தராது. 2010 ஏப்ரலில் அதே நிறுவனத்தின் மெக்நீல் பிரிவு குழந்தைகளுக்கான திரவ மருந்துகளைத் தரக்குறைவு காரணமாகப் பெருமளவில் திரும்பப் பெற நேர்ந்தது. உலோகத் துகள்கள் கலந்த மருந்து தொடர்பான குற்றத்தை அந்தப் பிரிவு 2015இல் அமெரிக்க நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டு 2 கோடியே 50 இலட்சம் டாலர் செலுத்தியது. அப்போதும் கிரெடோ நடைமுறையில்தான் இருந்தது. நோயாளிகளும் தாய்மார்களும் வரிசையில் முதலிடத்தில்தான் இருந்தார்கள். வரிசை எழுதப்பட்டிருப்பது தேவை. அது மட்டும் போதாது. தொழிற்சாலைத் தளத்தில் தரக் கட்டுப்பாட்டாளருக்கு உற்பத்தியை நிறுத்தும் அதிகாரம் இருக்கிறதா, நிறுத்தினால் அவருக்குப் பாராட்டு கிடைக்குமா, கண்டனம் கிடைக்குமா என்பதே அந்த வரிசையின் உண்மையான இருப்பிடம்.

5. பிணைப்பு: வெல்ஸ் ஃபார்கோ

வெல்ஸ் ஃபார்கோ தன் தொலைநோக்கையும் விழுமியங்களையும் ஒரு சிறுநூலாகவே அச்சிட்டு ஊழியர்களுக்கு வழங்கிய வங்கி. வாடிக்கையாளரின் நிதித் தேவைகளை நிறைவேற்றுவது அதன் மையக் கருத்து. அதே வேளையில் கிளைகளில் நடந்தது வேறு. ஒவ்வொரு வாடிக்கையாளர் குடும்பத்துக்கும் எட்டு சேவைகளை விற்க வேண்டும் என்ற இலக்கு வைக்கப்பட்டது. கிளை ஊழியரின் ஊக்கத்தொகையும், சிலருக்கு வேலையே நிலைப்பதும் அன்றன்றைய விற்பனை எண்ணிக்கையைப் பொறுத்திருந்தன.

வாடிக்கையாளருக்குத் தெரியாமலே கணக்குகள் திறக்கப்பட்டன. 2016 செப்டம்பரில் வங்கிக்கு 18 கோடியே 50 இலட்சம் டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. சுமார் 20 இலட்சம் என்று முதலில் சொல்லப்பட்ட கணக்குகளின் எண்ணிக்கை, 2017இல் 35 இலட்சமாகத் திருத்தப்பட்டது. சுமார் 5,300 ஊழியர்கள் ஏற்கெனவே வேலை நீக்கம் செய்யப்பட்டிருந்தனர். 2020இல் மேலும் 300 கோடி டாலர் செலுத்தி அமெரிக்க அரசோடு வழக்கைத் தீர்த்துக்கொள்ள நேர்ந்தது.

வெல்ஸ் ஃபார்கோவின் சிறுநூலில் தவறான வாசகம் எதுவும் இல்லை. ஆனால் ஒரு கிளை ஊழியரின் கண்முன் இரண்டு ஆவணங்கள் இருந்தன. ஒன்று வாடிக்கையாளர் நலனைப் பேசியது; மற்றொன்று இந்த மாதம் எத்தனை கணக்கு என்று கேட்டது. சம்பளம் இரண்டாவதோடு கட்டப்பட்டிருந்தது. எந்த நிறுவனத்திலும் ஊழியர் படிக்கும் உண்மையான பணிக்கூற்று அவருடைய ஊக்கத்தொகை விதிதான். இரண்டும் முரண்பட்டால் எழுதியவர்களே ஊழியர்களைப் பொய்யர்களாக்கும் பொறியை அமைத்தவர்கள் ஆகிறார்கள். அபராதத்துக்குப் பிறகு வங்கி முதலில் செய்த மாற்றம் கிளைகளின் விற்பனை இலக்குகளை நீக்கியதுதான். நோய் எங்கே இருந்தது என்பதை அதுவே சொல்கிறது.

6. எழுதும் முறை

மேற்கண்ட மூன்று நிபந்தனைகளிலிருந்து ஒரு செயல்முறை பிறக்கிறது. ஏற்றுமதிக்குப் பின்னலாடை தைக்கும் நடுத்தர நிறுவனம் ஒன்றைக் கற்பனையாக எடுத்துக்கொண்டு அதை விளக்குகிறேன்.

முதற்படி, கடந்த மூன்று ஆண்டுகளில் நிறுவனம் எடுத்த கடினமான முடிவுகளை எழுதிக்கொள்வது. பையர் ஷிப்மென்ட் தேதியை முன்னே இழுத்தபோது என்ன செய்தோம்? ஓவர்டைம் போட்டோமா, நமக்குத் தெரியாத யூனிட்டுக்கு ஜாப் ஒர்க் கொடுத்தோமா, ஆர்டரையே விட்டோமா? இந்தப் பட்டியலில்தான் நிறுவனத்தின் எழுதப்படாத கூற்று இருக்கிறது. பலருக்கு அது உவப்பாக இருக்காது. உவப்பில்லாததால்தான் எழுத வேண்டியிருக்கிறது.

இரண்டாம்படி, எந்த முடிவுகளை மீண்டும் எடுப்போம், எவற்றை இனி எடுக்க மாட்டோம் என்று பிரிப்பது. இந்தப் பிரிவினையில் உரிமையாளர் மட்டும் உட்கார்ந்தால் போதாது. மெர்ச்சன்டைசர், லைன் சூப்பர்வைசர், தரச் சோதனையாளர், டெய்லர் ஆகியோரும் வேண்டும். மோதல் முதலில் வெடிப்பது அவர்கள் மேசையில்தான்.

மூன்றாம்படி, வரிசையை வாக்கியமாக்குவது. “உலகத் தரத்தில் ஆடை தயாரித்து வாடிக்கையாளர் திருப்தியை அடைவோம்” என்ற வாக்கியத்தை எந்த ஆடை நிறுவனத்தின் பெயரிலும் மாட்டலாம். எவரும் மறுக்க முடியாத வாக்கியம் எவரையும் கட்டுப்படுத்துவதும் இல்லை. அதற்குப் பதிலாக இப்படி எழுதலாம்: “குழந்தைகளுக்கான பருத்தி ஆடைகளைச் சொன்ன தேதியில் தருவோம். எங்கள் சொந்தத் தளத்தில், சட்டம் அனுமதிக்கும் வேலை நேரத்துக்குள் முடிக்க முடியாத ஆர்டரை ஏற்க மாட்டோம்.” இதில் எல்லை இருக்கிறது, வரிசை இருக்கிறது. இந்த வாக்கியத்தைக் காட்டி ஒரு மெர்ச்சன்டைசர் பையரிடம் முடியாது என்று சொல்லலாம். சொன்னால் முதலாளி அவர் பக்கம் நிற்பார் என்ற உறுதியும் அதற்குள் இருக்கிறது.

நான்காம்படி, தொலைநோக்கை எழுதுவது. ஜிம் காலின்ஸும் ஜெர்ரி போராஸும் 1996ஆம் ஆண்டுக் கட்டுரையில், மாறாத நோக்கத்தையும் விழுமியத்தையும் ஒருபுறம் வைத்து, 10 முதல் 30 ஆண்டுகளில் எட்ட வேண்டிய துணிச்சலான இலக்கை மறுபுறம் வைக்கச் சொல்கிறார்கள். அவர்களது முறையில் ஒரு பயிற்சி பயனுள்ளது: என்ன செய்கிறோம் என்று எழுதி, அது ஏன் முக்கியம் என்று அடுத்தடுத்து ஐந்து முறை கேட்பது. ஆடை தைக்கிறோம் என்பதில் தொடங்கி நிறுவனம் நிலைத்திருப்பதன் பொருள் வரை இந்தக் கேள்வி கொண்டுபோகும்.

ஐந்தாம்படி, ஊக்கத்தொகை விதியையும் மாதாந்திர அறிக்கையையும் கூற்றின் அருகில் வைத்து ஒப்பிடுவது. பீஸ் ரேட் தரத்தைக் கெடுக்கும் வகையில் இருந்தால் பீஸ் ரேட்டை மாற்ற வேண்டும், அல்லது கூற்றை மாற்ற வேண்டும். இரண்டையும் அப்படியே விடுவதுதான் வெல்ஸ் ஃபார்கோவின் வழி.

ஆறாவதாக, கூற்று தையல் தளத்தில் பேசப்படும் மொழியில் எழுதப்பட வேண்டும். தமிழும் இந்தியும் ஒடியாவும் பேசும் தொழிலாளர் இருந்தால் அம்மூன்றிலும் இருக்க வேண்டும். தன்னைக் கட்டுப்படுத்தும், தன்னைக் காக்கும் விதியைத் தானே படித்துப் புரிந்துகொள்ளும் உரிமை தொழிலாளிக்கு உண்டு.

7. எதிர்வாதங்கள்

இறுக்கமாக எழுதினால் சந்தை மாறும்போது வளைய முடியாது என்பது முதல் எதிர்வாதம். அரவிந்தின் அனுபவம் இதற்கு விடை. அதன் நோக்கம் மாறவே இல்லை. முகாம், தொழிற்சாலை, பயிற்சி நிறுவனம், பார்வை மையம் என வழிமுறைகள் மாறிக்கொண்டே வந்தன. நோக்கம் தெளிவாக இருந்ததால்தான் வழியை அச்சமின்றி மாற்ற முடிந்தது.

அரவிந்த் அறக்கட்டளை நடத்தும் நிறுவனம்; இலாபம் தேடும் வணிகத்துக்கு அது பொருந்தாது என்பது இரண்டாவது. ஆனால் அரவிந்தும் தன் வருவாயில்தான் நடக்கிறது. செலவைக் கட்டுப்படுத்துவதில் பல வணிக நிறுவனங்களைவிடக் கண்டிப்பானது. மறுபுறம் டைலனால் முடிவை எடுத்தது பங்குச் சந்தையில் இருந்த முழு வணிக நிறுவனம். அந்த முடிவுக்குப் பின் மருந்தின் விற்பனை மீண்டது. வரிசையில் கடைசியில் வைக்கப்பட்ட பங்குதாரர் இறுதியில் நட்டப்படவில்லை.

சிறு நிறுவனத்துக்கு இவையெல்லாம் ஆடம்பரம் என்பது மூன்றாவது. சிறு நிறுவனத்தில் முதலாளியின் வாய்ச்சொல்லே கூற்று என்பது உண்மைதான். ஆனால் அவர் இல்லாத நேரத்தில் முடிவெடுக்க வேண்டியவர்கள் வந்துவிட்ட நாளிலேயே அந்தச் சொல் எழுத்தாக வேண்டிய தேவை பிறந்துவிடுகிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடத்துக்கும் இது பொருந்தும்.

8. முடிவுரை

மூன்று வரலாறுகளும் ஒரே தீர்ப்பைச் சொல்கின்றன. எல்லை வகுத்த கூற்று அரவிந்தைத் தன் வெற்றிக்கு அப்பாலும் பார்க்க வைத்தது. வரிசை வகுத்த கூற்று 1982இல் ஜான்சன் அண்ட் ஜான்சனைக் காத்தது. நடைமுறை அதைக் கைவிட்டபோது அதே கூற்றால் குழந்தைகளின் மருந்தைக் காக்க முடியவில்லை. சம்பளத்தோடு பிணைக்கப்படாத கூற்று வெல்ஸ் ஃபார்கோவில் ஆயிரக்கணக்கான ஊழியர்களின் வேலையைப் பறித்தது.

ஆகவே தொழில்முனைவோருக்கும் நிர்வாகவியல் ஆசிரியர்களுக்கும் என் வேண்டுகோள் இது. கூற்றை எழுதி முடித்ததும் அழகாக இருக்கிறதா என்று பார்க்காதீர்கள். இதன்படி எந்த வருமானத்தை இழக்கத் தயாராக இருக்கிறோம் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்கு ஒரு விடையாவது கிடைக்காத கூற்றை அச்சுக்கு அனுப்ப வேண்டாம். திரும்ப உட்கார்ந்து எழுதுங்கள்.